ஓரத்தில் எழுதிய தண்ணீர்

“இது எப்போ மேடம் சுத்தமாகும்?” என்று கேட்டார் இசக்கியப்பன்.

பேராசிரியர் ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் இசக்கியப்பனின் இருபத்தாறாவது மாத அறிக்கை கிடந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுமையாகப் படித்தார். பிறகு ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்லை எழுதி, தாள்களை இந்தப் பக்கம் தள்ளினார்.

‘தண்ணீர்?’

அவ்வளவுதான். போன மாதமும் இதே சொல்தான். அதற்கு முந்தின மாதமும் இதேதான். இருபத்தாறு அறிக்கைக்கு இருபத்தாறு தண்ணீர்.

“சரி மேடம்” என்றார் இசக்கியப்பன். முகம் தொங்கிப்போயிற்று. இன்னும் ஈரம் இருக்கிறது என்கிறார், இன்னும் காய்ச்சவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

*

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

இசக்கியப்பன் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தைந்து வருஷமாக வேதியியல் நடத்துகிறவர். வயசான காலத்தில் முனைவர் பட்டம் வேண்டும் என்று ஆசை வந்து, ஊருக்கு வெளியே இருந்த கல்லூரியில் பகுதிநேரமாகச் சேர்ந்தார். அவர் ஜெசிந்தாவை மேடம் என்பார். ஜெசிந்தா அவரை சார் என்பார். வெளியாள் யாராவது வந்தால், யாருக்கு யார் குரு என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

ஆராய்ச்சித் தலைப்பு நீளமானது. கிளைக்காலும் தண்ணீரும் கலந்தால் அந்தக் கலவையின் அடர்த்தி என்ன, சூடு என்ன, ஆவி அழுத்தம் என்ன என்று அளக்கவேண்டும். அளந்ததைக் கொண்டு, அளக்காததையும் சொல்லும் ஒரு கணக்கைக் கட்டவேண்டும்.

கிளைக்கால் ஒன்றும் மாயப்பொருள் இல்லை. காரின் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்களே பச்சையாக, அதில் இருப்பது இதன் பங்காளிதான். நிறம் கிடையாது. பாகு மாதிரி மெல்ல வடியும். ஆனால் தண்ணீர் என்றால் அதற்கு உயிர். மூடியைக் கொஞ்சம் திறந்தால் போதும், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

இசக்கியப்பன் அதைக் குடிக்க விடவில்லை.

காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் காய்ச்சினார். ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டு ஊறவைத்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, கூண்டுக்குள் நீல நிற சிலிக்கா ஜெல்லைப் பரப்பினார். நீலம் ரோஜா நிறமானால் உள்ளே ஈரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளி விட்டதும் ஓடிவந்து முதலில் அந்த நிறத்தைத்தான் பார்ப்பார்.

முதல் அறிக்கையில் பத்து லட்சத்தில் மூவாயிரம் பங்கு ஈரம் இருந்தது. இருபத்தாறாவதில் நாற்பது பங்கு. அப்படியும் அடர்த்தியின் ஐந்தாவது தசமம் மட்டும் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று ஆடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஜெசிந்தா கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இதைத் திறக்கட்டுமா சார்?”

“ஐயோ, வேண்டாம் மேடம். ஈரம் ஏறிரும்.”

ஜெசிந்தா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். நல்லவேளை என்று இசக்கியப்பன் மூச்சு விட்டார்.

*

அவருடைய மனைவி சண்முகவடிவு தர்மபுரியில் இருந்தாள். விதைச் சான்று அலுவலகத்தில் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாற்றல் வந்தது. இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள்.

முதலில் வாராவாரம் போனார். பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பிறகு இவருக்குத் தேர்வுப் பணி, அவளுக்கு விதைப்புக் காலம். கடைசியாகப் போய் மூன்று வருஷத்துக்கு மேலாகிறது.

சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். பிள்ளை இல்லை, அதனால் சேர்த்துவைக்க ஒரு சாக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவளிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வரும்.

‘தண்ணி வருதா?’

இருவரும் சேர்ந்திருந்தபோது பாளையங்கோட்டை வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அவள் குடத்தோடு காத்திருப்பாள். அந்தக் கவலையை அவள் தர்மபுரிக்கும் கொண்டுபோயிருக்கிறாள் என்று இசக்கியப்பன் நினைத்தார். உண்மையைத்தானே சொல்லவேண்டும். பதில் போடுவார்.

‘வருது. நாற்பது நிமிடம். ஆறு குடம்.’

அடுத்த வாரம்: ‘வருது. முப்பத்தைந்து நிமிடம். வேகம் குறைவு.’

அனுப்பிவிட்டு வெகுநேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார். அவளைப் பார்க்கவேண்டும் போலிருக்கும். பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்த நாளும் உண்டு.

ஆனால் போய் என்ன பேசுவது? அவர் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தவர். அவள் குணம் தெரியும். தன் குணமும் தெரியும். தான் அதிகம் பேசமாட்டார், அவளும் கேட்கமாட்டாள். ஒரு காபி, இரண்டு வேளைச் சாப்பாடு, மூன்றாம் வேளைக்குப் பேச ஒன்றும் இருக்காது. அதற்கு எதற்கு அத்தனை தூரம்? முனைவர் பட்டம் முடியட்டும், ஏதாவது சொல்வதற்கு இருக்கும், அப்போது போகலாம்.

பெட்டி மறுபடி பரண்மேல் ஏறிவிடும்.

*

இந்த முறை ‘தண்ணீர்?’ வாங்கியபிறகு இசக்கியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை, பத்து நாள், விடாமல் உலர்த்திப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். அந்தப் பத்து நாளுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமையில் வடிவின் செய்தி வந்தபோது அவர் கை இரண்டும் கையுறைக்குள் இருந்தன. கழற்றினால் வேலை கெடும். அப்புறம் போடலாம் என்று விட்டார். அப்புறம் மறந்துபோனார்.

அடுத்த ஞாயிறு செய்தி வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அவர் ஒரு சொல் எழுதியிருக்கலாம். விரல் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ‘வருது, ஆறு குடம்’ என்று எழுதினால் யார் படிப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது. வெறும் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். அந்தக் குழாயடியில் அவள் நின்ற இடம் மட்டும் சிமெண்டு தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

*

மூன்றாம் ஞாயிறு. காலை பதினோரு மணிக்குச் சோதனைக்கூடத்தில் ஜெசிந்தா வேர்க்கடலை மிட்டாய் தின்றுகொண்டு ஏதோ திருத்திக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது மேடம்” என்றார் இசக்கியப்பன்.

“என்ன சார்?”

“பத்து லட்சத்துல ஒன்பது பங்கு ஈரம். இதுக்குக் கீழ என்னால முடியாது. ஐந்தாவது தசமமும் ஆடல. நாலு நாளா அசையாம நிக்கி.”

ஜெசிந்தா கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார். உள்ளே கால் லிட்டர் கிளைக்கால், தெளிவாக, எதையும் தொடாமல் நின்றது.

“சந்தோஷமா இருக்கா சார்?”

இசக்கியப்பன் யோசித்தார். “இல்ல மேடம்.”

“கணக்கு என்ன ஆச்சு?”

அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். கிளைக்காலின் எண்கள் ஒரு வரிசை. தண்ணீரின் எண்கள் ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம்.

“இந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கீங்க?”

“அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பழகும்ங்கிறதுக்கான எண் மேடம். ஜீரோ போட்டிருக்கேன்.”

“ஏன்?”

“தனித்தனியா ரெண்டும் நல்லாத் தெரியும். சேர்ந்தா என்னன்னு தெரியாது. தெரியாததுனால ஜீரோ.”

“தெரியாததும் ஜீரோவும் ஒண்ணா சார்?”

இசக்கியப்பன் கட்டத்தில் இருந்த ஜீரோவைப் பார்த்தார். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி ஜீரோ போட்டிருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார்.

“தனியா இன்னும் நல்லா அளந்தா அந்த எண் வந்திரும்னு நினைச்சேன்.”

“எத்தனை தசமம் வரைக்கும் அளந்தா?”

ஜெசிந்தா எழுந்து போனார். கூண்டைத் திறந்தார்.

“மேடம், மேடம்” என்று இசக்கியப்பன் பின்னாலேயே போனார்.

ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமல் புட்டியை எடுத்தார். நூறு மில்லி கிளைக்காலைக் குடுவையில் அளந்து ஊற்றினார். இரண்டு வருஷத்து உழைப்பு பாகாக வடிந்து இறங்கியது. பிறகு தன் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

“அது குடிக்கிற தண்ணி மேடம்.”

“நல்ல தண்ணி சார். தாமிரபரணி.”

“காய்ச்சி வடித்த நீராவது…”

“நாளைக்கு வடித்த நீர் ஊத்தி முறையா அளப்போம். இன்னைக்கு இது. குடுவையைப் பிடிங்க. ரெண்டு கையாலயும்.”

இசக்கியப்பன் இரண்டு உள்ளங்கையாலும் குடுவையைப் பிடித்தார். ஜெசிந்தா நூறு மில்லி தண்ணீரை அளந்து, நிதானமாக உள்ளே ஊற்றினார். கண்ணாடிக்குள் இழை இழையாக ஏதோ சுற்றியது. அலை மாதிரி நெளிந்தது. பிறகு எது கிளைக்கால், எது தண்ணீர் என்று தெரியாமல் போயிற்று.

“ஆட்டுங்க.”

ஆட்டினார்.

ஆட்டிக்கொண்டே இருந்தவர் நின்றுவிட்டார்.

குடுவை சுட்டது.

கொதிக்கவில்லை. இதமான சூடு. அடுப்பு இல்லை, விளக்கு இல்லை, இரண்டும் குளிர்ந்தே இருந்தவை. உள்ளங்கையில் சூடு ஏறிக்கொண்டே வந்தது.

அவருக்கு இது தெரியாதா? இருபத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம். ஆனால் அவர் பிடித்து நின்றது பாடத்தை இல்லை. முதல் வருஷம் தர்மபுரி பேருந்து நிலையத்தில், பஸ் கிளம்பும் நேரத்தில், ஜன்னல் வழியாக வடிவு ஒரு இட்லிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். வாழையிலையோடு சுட்டது. அவர் அதைப் பிரிக்கவில்லை. சேலம் தாண்டுகிறவரைக்கும் அந்தச் சூட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“போதும், வைங்க” என்றார் ஜெசிந்தா. “ஆறட்டும்.”

ஆறுகிறவரைக்கும் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். டீ முடிந்ததும் ஜெசிந்தா குடுவையில் இருந்ததை அளவு உருளையில் ஊற்றி, ஒரு சொட்டும் தங்காமல் வடியவிட்டார்.

“எவ்வளவு இருக்கு, பாருங்க.”

இசக்கியப்பன் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

“நூத்தித் தொண்ணூத்தேழு.”

“எவ்வளவு ஊத்தினோம்?”

“நூறும் நூறும்.”

“மூணு மில்லி எங்க சார்?”

“எங்கயும் போகல மேடம். எடை போட்டா அப்படியே இருக்கும். ரெண்டும் தனித்தனியா இருக்கும்போதுதான் அவ்வளவு இடம் கேக்கும்.”

ஜெசிந்தா உருளையைக் கழுவப் போனார்.

*

இசக்கியப்பன் பையிலிருந்து இருபத்தாறு அறிக்கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். முதல் அறிக்கையின் ஓரத்தைப் பார்த்தார். பென்சில் மங்கியிருந்தது. ‘தண்ணீர்?’

தலைப்பைப் பார்த்தார். கிளைக்காலும் தண்ணீரும் கலந்த கலவை.

மறுபடி ஓரத்தைப் பார்த்தார்.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“நீங்க கேட்டது, தண்ணி இன்னும் இருக்கான்னு இல்லையா?”

“இல்ல சார்.”

“தண்ணி எப்போ ஊத்துவீங்கன்னா கேட்டீங்க?”

“ஆமா.”

“இருபத்தாறு தடவையும்?”

“இருபத்தாறு தடவையும்.”

இசக்கியப்பனுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எது சேரவேண்டும் என்று மேடம் கேட்டாரோ, அதை அண்டவிடாமல் துரத்துவதற்கே இவர் இரண்டு வருஷம் மெனக்கெட்டிருக்கிறார்.

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே மேடம்.”

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். முதல் முறையாக அவர் முகத்திலும் ஒரு சங்கடம் தெரிந்தது.

“சொல்லியிருக்கலாம். தப்புதான். கேக்கிறவங்களுக்கும் கொஞ்சம் வீம்பு உண்டு சார். ஒரு வார்த்தை கேட்டா, நீங்க முப்பது பக்கம் எழுதிட்டு வந்தீங்க. எல்லாம் சரியான பதில். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் இல்ல.”

“அடுத்த மாசமும் அதையேதான் எழுதியிருப்பீங்களா?”

ஜெசிந்தா பென்சிலை எடுத்து மேசையின் இழுப்பறைக்குள் போட்டார். இழுப்பறையை மூடினார்.

“இல்ல சார். இருபத்தேழாவது தடவை கேட்டிருக்க மாட்டேன்.”

இசக்கியப்பன் எழுந்தார்.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை. கைப்பேசியைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை. ஈரம் ஏறாமல் இருக்கட்டும் என்று கூண்டுக்கு வெளியே, மிச்சமிருந்த சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் வைத்திருந்தார். எடுத்தார்.

திரையில் மூன்று வாரமாக அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

‘தண்ணி வருதா?’

அதற்கு மேலே எத்தனையோ வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். விரலால் தள்ளத் தள்ள அவள் கேள்வி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் கீழேயும் இவருடைய குடங்கள், நிமிடங்கள், வேகங்கள். எல்லாம் சரியான பதில்.

விரலால் மறுபடி கடைசிக் கேள்விக்கு இறங்கி வந்தார். விரல் பழக்கத்தில் அடித்தது.

‘வருது’

பார்த்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். ‘வ’ மட்டும் மிஞ்சியது. அதைத் தொடர்ந்து அடித்தார்.

‘வாரேன்’

அனுப்பினார்.

“மேடம், நாளைக்கு வடித்த நீர்…” என்று ஆரம்பித்தார்.

“புதன்கிழமை பாக்கலாம்” என்றார் ஜெசிந்தா. “இல்லன்னா அதுக்கடுத்த புதன்.”

வாசலைத் தாண்டும்போது கையில் கைப்பேசி அதிர்ந்தது. வெயிலில் திரை தெரியவில்லை. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படித்தார்.

‘இங்க காலைல ஆறு மணிக்குக் குழாய் தொறப்பாங்க. அதுக்குள்ள வந்திருங்க.’